தில்லித் தமிழ் அடுக்களைக்கு அதிவேக பிளெண்டர் தேவையா?

தில்லியில் ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் பழைய மிக்ஸியை மாற்ற நினைத்தால், முன்பெல்லாம் எந்தக் கம்பெனி, எத்தனை ஜார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது வீட்டில் கேட்பவை மாறிவிட்டன. கீரை ஸ்மூத்தி வேண்டும், பாதாம் பால் வேண்டும், தோல் தெரியாத தக்காளி சூப் வேண்டும். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டு மேடையில் நெடுநெடுவென்று நிற்கும் விட்டாமிக்ஸ் பிளெண்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அது ஒன்றை வாங்கிவிட்டால் மிக்ஸி, ஜூஸர் இரண்டையும் ஏறக்கட்டிவிடலாமே என்று யோசிக்கிறார்கள். இந்த யோசனை சரியா என்பதைத்தான் இங்கே அலசுகிறேன். போட்டியில் இருப்பவை மூன்று: அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து விட்டாமிக்ஸ் வகை அதிவேக பிளெண்டர், சென்னையின் ப்ரீத்தி போன்ற, 750 வாட் மோட்டாரும் எவர்சில்வர் ஜார்களும் கொண்ட தென்னிந்திய மிக்ஸி, தில்லி நிறுவனம் ஒன்றின் 900 வாட் சுஜாதா மிக்ஸி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை நான்காவது போட்டியாளராகக் கொள்ளவில்லை என்றாலும், அதன் பெயரை எடுக்காமல் இந்தப் பேச்சு முடியாது.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது வாட் கணக்கு என்பதால் அதை முதலில் தீர்த்துவிடலாம். நம் மிக்ஸியின் அடியில் எழுதியிருக்கும் 750 அல்லது 900 வாட் என்பது, சுமையோடு ஓடும்போது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் குறிக்கிறது. பிளெண்டர்களின் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு. மோட்டார் ஒரு கணம் எட்டிப் பிடித்துவிட்டு இறங்கிவிடும் எண் அது. இரண்டு குதிரைத்திறன் என்பது 1492 வாட். ஆனால் அந்த இயந்திரம் ஸ்மூத்தி அரைக்கும் நேரம் முழுவதும் 1492 வாட்டில் ஓடுவதில்லை. எனவே வாட்டையும் குதிரைத்திறனையும் நேராக வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை. வாட் கணக்கு உண்மையில் உதவுவது வேறோர் இடத்தில். 230 வோல்ட்டில் 900 வாட் மிக்ஸி நான்கு ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே போதும். 1500 வாட் பிளெண்டர் ஆறரை ஆம்பியர் கேட்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பழைய அரசுக் குடியிருப்புகளின் அடுக்களையில் அப்படிப்பட்ட பாயிண்ட் ஒன்றுதான் இருக்கும். அதையும் மைக்ரோவேவ் பிடித்துக்கொண்டிருக்கும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியிருக்கலாம்.

உண்மையான வேறுபாடு மோட்டாரில் இல்லை, ஜாரில் இருக்கிறது. இரண்டு பேருக்குத் தேங்காய்ச் சட்னி அரைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: கால் மூடித் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், ஒரு பிடி பொட்டுக்கடலை, சுண்டைக்காய் அளவு புளி. இதை விட்டாமிக்ஸின் இரண்டு லிட்டர் ஜாரில் போட்டு முடுக்கினால், முதல் சுற்றிலேயே பாதி சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மீதி பாதி பிளேடுக்கு அடியில் தங்கிவிடும். பிளேடு வெறும் காற்றில் சுழலும். கூடவே தரப்படும் குத்துக்கோலால் எத்தனை முறை தள்ளினாலும், கைப்பிடி அளவு பொருளைத் தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. தண்ணீரை ஊற்றினால் அரைபடும். ஆனால் அது சட்னியாக இருக்காது. காரணம் எளியது. அந்த ஜாரின் பிளேடுகள் மேலும் கீழுமாக வளைந்தவை. நீர்மத்தைச் சுழலாக இழுத்து, மேலிருந்து கீழே கொண்டுவந்து, மறுபடியும் மேலே வீசுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. சுழலுக்கு நீர் வேண்டும், போதிய அளவும் வேண்டும். நம் மிக்ஸியோடு வரும் 400 மில்லிலிட்டர் சட்னி ஜாரில் பிளேடு அடித்தட்டை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கிறது. சுவர் நெருங்கி நிற்கிறது. மூடி தலைக்கு மேலேயே இருக்கிறது. பொருளுக்குத் தப்பி ஓட இடமில்லை. இரண்டு கரண்டி தண்ணீரில் சட்னி ஆகிவிடுகிறது.

அதே வேளையில், கீரை ஸ்மூத்திக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். பாலக்கீரை, உறைந்த மாம்பழத் துண்டு, ஊறிய பாதாம் இவற்றை மிக்ஸியின் பெரிய ஜாரில் அரைத்துக் குடித்துப் பாருங்கள். நாக்கில் நார் தட்டும், பாதாம் தோல் பல்லிடுக்கில் மாட்டும். பிளெண்டரில் ஒரு நிமிடத்தில் வழவழவென்று வரும், வடிகட்டத் தேவையில்லை. இதில் மிக்ஸிக்காரர்கள் வாதாடுவதில் பயனில்லை. தினமும் காலையில் மூன்று நான்கு பேருக்கு இப்படிச் செய்யும் வீடு என்றால் பிளெண்டர் தன் இடத்தைச் சம்பாதித்துவிடும்.

உலர் அரைவையில் மறுபடியும் மிக்ஸி முந்துகிறது. சாம்பார்ப் பொடிக்கு வறுத்த மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, வெந்தயம் போட்டால் எவர்சில்வர் ஜார் ஒன்றும் சொல்லாது. பிளெண்டரின் ஜார் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்; கடினமான தானியங்களை அதில் அடிக்கடி அரைத்தால் உட்புறம் நுண்ணிய கீறல்கள் விழுந்து பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும். அதனால்தான் விட்டாமிக்ஸ் நிறுவனமே உலர் பொருளுக்கென்று வேறு பிளேடு கொண்ட சிறிய ஜாரைத் தனியாக விற்கிறது. அதற்கான பணத்தையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஏறினால் எளிதில் இறங்காது என்பதைத் தமிழ் வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் புதுமை எதுவும் இல்லை. ஐரோப்பிய இயந்திரம் இந்திய அரைவைக்குத் திணறிய கதையிலிருந்துதான் நம் மிக்ஸியே பிறந்தது. 1960களில் மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ்.பி. மாத்தூரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய பிரவுன் மிக்ஸி பழுதாகிப்போக, அவர் நம் மசாலாவையும் மாவையும் தாங்கும் மோட்டாரை வடிவமைத்து சுமீத் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இயந்திரம் என்பதால், இன்றைய எல்லா இந்திய மிக்ஸிகளும் ஏறக்குறைய அந்த வழியிலேயே வருகின்றன.

அடுத்தது சூடு. பிளெண்டர் விற்பவர்கள் பெருமையாகக் காட்டும் வித்தை, அடுப்பில்லாமல் சூப்பைச் சூடாக்குவது. அது மாயமில்லை. ஒரு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 75 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 210 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பிளேடு உராய்வால் 700 வாட் வெப்பமாக மாறினால் ஐந்து நிமிடத்தில் அது நடந்துவிடும். ஆனால் சூப்புக்கு வரமாக இருக்கும் இந்தச் சூடு உளுந்துக்குச் சாபம். தில்லியில் ஜூன் மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கையை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரிலேயே ஊறிய உளுந்தை அதிவேக இயந்திரத்தில் நான்கு நிமிடம் ஓட்டினால், மாவு ஜாரை விட்டு இறங்கும்போதே கை சுடும். பொங்கி வருவதற்குப் பதில் கொழகொழப்பு இழந்து தொய்ந்துபோகும். புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் அந்தச் சூடு ஆகாது. ஐஸ் கட்டி போடுவது நல்ல பழக்கம்: 200 கிராம் ஐஸ் உருகும்போது மட்டுமே சுமார் 67 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கிவிடும். ஜனவரியில் கதையே வேறு. மாவு புளிக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும் அந்தக் குளிரில் மிக்ஸியின் இளஞ்சூடு உதவியாகவே இருக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் வாரம் இருமுறை இட்லி வார்க்கும் வீட்டுக்கு, 150 வாட் மோட்டாரில் நிதானமாகச் சுற்றும் இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரின் இடத்தை எந்த பிளெண்டரும் எந்த மிக்ஸியும் நிரப்பாது. மாவாட்டுவதற்காக பிளெண்டர் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தொடர்ந்து ஓடும் திறனில் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. தென்னிந்திய மிக்ஸிகளின் கையேட்டைப் பொறுமையாகப் படித்தால், ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற கணக்கில் மொத்தம் அரைமணி நேரத்துக்கே அவற்றின் மோட்டார் மதிப்பிடப்பட்டிருப்பது தெரியும். வீட்டு வேலைக்கு இது தாராளம். அதற்கு மேல் போனால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டன் வெளியே வந்து மோட்டாரைக் காப்பாற்றும். சுஜாதாவோ 90 நிமிடம் இடைவிடாமல் ஓடும் என்று அறிவித்து விற்கப்படுகிறது; தண்டை உராயாமல் சுழலவிடும் குண்டுகள் வைத்த இரட்டை பேரிங்கும், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 22,000 சுற்று வேகமும் அதன் அடையாளங்கள். தில்லியின் ஜூஸ் கடைகளில் காலை முதல் இரவு வரை உருளும் வெள்ளை இயந்திரம் பெரும்பாலும் அதுதான். மொத்தமாக மசாலாப் பொடி அரைப்பவர்களுக்கும், விசேஷ நாட்களில் இருபது பேருக்குச் சமைப்பவர்களுக்கும் அது ஏற்றது. ஆனால் அந்த வேகம் மாவை இன்னும் சீக்கிரம் சூடாக்கும். துவையல் போன்ற கெட்டியான, அளவு குறைந்த அரைவையில் தென்னிந்திய மிக்ஸியின் பக்குவம் அதற்குக் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம். விட்டாமிக்ஸில் வேகத்தை ஒன்றிலிருந்து பத்துவரை நுணுக்கமாக ஏற்றி இறக்கலாம். நம் மிக்ஸிகளின் மூன்று வேகத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றுமே கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) வைத்த ஒரே வகை மோட்டார்கள், மூன்றுமே அலறும்.

பழுது பார்ப்பதில் வேறுபாடு பெரிது. மிக்ஸியில் முதலில் தேய்வது ஜாருக்கு அடியில், மோட்டாரோடு அதை இணைக்கும் கப்ளர். மேடையைத் துடைக்கும்போது கறுப்புத் துகள்கள் துணியில் வந்தால் அதன் காலம் முடிந்தது என்று பொருள். அடுத்து ஜாரில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அடியில் கசியும். பிறகு மூடியின் வாசர், எப்போதோ ஒருமுறை கார்பன் பிரஷ். இவை எல்லாவற்றையும் தெருமுனை மிஸ்திரி அரைமணி நேரத்தில் மாற்றித் தருவார்; அவரிடம் இல்லாத உதிரிப் பாகத்துக்குச் சாந்தினி சௌக் பக்கத்து பகீரத் பேலஸ் சந்தை இருக்கிறது. வெளிநாட்டு பிளெண்டரின் ஜாரில் பிளேடும் பேரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பகுதி. அதற்கென்று தருவிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டுக்கான இயந்திரம் 120 வோல்ட்டுக்கு உரியது. பிளக்கை மட்டும் மாற்றி 230 வோல்ட்டில் செருகினால் சில நொடிகளில் மோட்டார் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் 1500 வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பிளெண்டரைவிடக் கனமானது, மேடையில் அதற்கும் இடம் வேண்டும். பணம் மிச்சமானது போலத் தோன்றி மிச்சமாகாத வழி இது. 230 வோல்ட் மாடலை இந்திய வாரண்டியோடு வாங்குவதே முறை. இன்னொன்று உயரம். விட்டாமிக்ஸின் பழைய 5200 மாடல், ஜாரோடு சேர்த்து 52 சென்டிமீட்டர் இருக்கும். மேடைக்கு மேல் அலமாரி வைத்த அடுக்களைகளில் அது நிமிர்ந்து நிற்காது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், தினமும் சட்னியும் வாரந்தோறும் மாவும் மாதத்துக்கொருமுறை பொடியும் அரைக்கும் வீட்டுக்கு 750 வாட் தென்னிந்திய மிக்ஸியும் ஒரு டேபிள்டாப் கிரைண்டரும் என்பதே என் தேர்வு. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு விட்டாமிக்ஸின் விலையை எட்டாது. ஸ்மூத்தி எப்போதாவது ஒருவருக்கு என்றால், 400 வாட் புல்லட் வகைக் குட்டி பிளெண்டர் ஒன்றைக் கூடவே வாங்கிக்கொள்ளலாம். அதில் பொடி, துவையல் என்று முயலாமல் இருந்தால் சரி. பெரிய குடும்பம், அடிக்கடி ஜூஸ், மொத்த மசாலா என்றால் சுஜாதா. அதிவேக பிளெண்டர், மிக்ஸி ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்து, ஸ்மூத்தியும் சூப்பும் நாள்தோறும் செய்யும் வீட்டுக்கு இரண்டாவது இயந்திரமாக வரலாம். மிக்ஸியை வெளியேற்றிவிட்டு வரக் கூடாது.

கடைக்குப் போகும்போது பெரிய ஜாரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சட்னி ஜாரைக் கையில் எடுத்து, பிளேடின் நுனிக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை உற்றுப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவு இருந்தால் அதில் துவையல் அரையாது. பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றினால் தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கடைக்காரர் மறுப்புச் சொல்லாவிட்டால் பிளக்கில் செருகி, ஜார் வைக்காமல் மூன்று வேகத்திலும் ஓரிரு நொடி ஓட்டச் சொல்லுங்கள். அடிப்பாகம் மேடையில் நகர்ந்தால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்ல வேண்டியதுதான்.