ஒட்டு மாங்கன்று: நுனியை வெட்டுவதா, மருந்து அடிப்பதா?

கன்று ஒற்றைக் குச்சியாகவே போகிறதே என்று காரைக்குடிப் பக்கம் நர்சரி வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள்.

செலவு: வெட்ட ஒரு கத்தரி போதும். பக்கக் கிளை விட வைக்கும் மருந்தான பென்சைல் அடினைன் விலை கூட. ஒரு தடவையோடும் முடியாது.

வேலை செய்யும் விதம்: நுனிக் குருத்தில் ஊறும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனால் மொட்டுகள் விழிக்கும். மாவில் வெட்டும் இடம் முக்கியம். இலைகள் நெருங்கிய வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்தில் கொத்தாகக் கிளைத்து, பின்னால் காய்ப் பாரத்தில் பிளக்கும். கீழே வெட்டினால் தள்ளித் தள்ளி வரும். மருந்தோ நுனியை விட்டுவைத்தே கிளைக்க வைக்கும், உயரம் குறையாது. ஆப்பிள் நர்சரிகள் அதை நாடுவது அதற்காகத்தான்.

நம்மூர்ச் செம்மண்ணில் நடும் மாவுக்குக் கத்தரியே சரி, மழை பிடித்து வேர் ஊன்றிய பிறகு. குளிர்மலையில் ஆயிரக்கணக்கில் ஆப்பிள் வளர்ப்பவருக்கு மருந்து.