கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர்: எந்த வழியில் போகலாம்?

கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ருகருக்கும் நேர்கோட்டில் சுமார் 2,830 கி.மீ. தூரம். அதை விமான வேகத்தால் வகுத்து, மூன்றரை மணி நேரப் பயணம் என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கன்னியாகுமரியில் விமான நிலையமே கிடையாது. 90 கி.மீ. போல தள்ளி இருக்கும் திருவனந்தபுரம் போய்த்தான் ஏற வேண்டும். அங்கிருந்தும் மாறித்தான் போக வேண்டும்.

எங்கே மாறுவது? சென்னை, கொல்கத்தா வழியாகப் போனால் வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,850 கி.மீ. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட அந்த நேர்கோட்டிலேயே இருக்கின்றன. டெல்லி வழியாகப் போனால் 4,000 கி.மீ.; தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. ஆனாலும் நான் டெல்லி வழியைத்தான் சொல்வேன். முதல் வழியில் வானில் இருக்கும் நேரம் ஐந்தேகால் மணி, டெல்லி வழியில் ஆறு மணி. வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். சென்னை வழியில் இரண்டு முறை விமானம் மாற வேண்டும், டெல்லி வழியில் ஒரே முறை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மணி நேரமாவது போய்விடும், ஒன்று தாமதமானால் அடுத்ததும் கைவிட்டுப் போகும். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். டிக்கெட்டை மட்டும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்த டிக்கெட்டின் பணம் நம் தலையில்தான் விடியும். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகும்.

அப்புறம் ரயில்: கன்னியாகுமரியிலிருந்தே நேராகத் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ். 2011-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். சுமார் 4,200 கி.மீ., 75 மணி நேரம் போல, மூன்று இரவுகள். கேரளா வழியாக ஏறி, பாலக்காடு, கோவை, சேலம், காட்பாடி என்று வளைந்துதான் ஆந்திராவுக்குள் நுழைகிறது. வடக்கே இன்னொரு வளைவு. கொல்கத்தா பக்கமிருந்து அசாமுக்கு விமானம் வங்கதேசத்துக்கு மேலே பறந்து போய்விடும். ரயில் சிலிகுரியின் குறுகலான நிலத்துண்டைச் சுற்றித்தான் போயாக வேண்டும். கேரளாவிலும் கோவை, ஈரோடு பக்கமும் வேலை பார்க்கும் அசாம் இளைஞர்களுக்கு ஊருக்குப் போகும் வண்டி இது. பண்டிகை நெருங்கினால் ஸ்லீப்பரில் நடைபாதை வரை ஆள் படுத்திருப்பார்கள். பெட்டி படுக்கையோடு போகிறவர்களுக்கு, கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை. அவசரமென்றால் நினைக்கவே வேண்டாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. அங்கிருந்து விமானத்தில் குவாஹாத்தி, பிறகு இரவு ரயிலில் திப்ருகர். நேரம் கூடும், ஆனால் படுத்துக்கொண்டே போகலாம். வழியில் குவாஹாத்தியின் காமாக்யா கோயிலையும் பார்க்க நினைப்பவர்களுக்கு நல்ல வழி.

எந்த வழியானாலும் திப்ருகரில் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பிரம்மபுத்திரா மேலுள்ள போகிபீல் பாலம் தாண்டி அருணாசலப் பிரதேசம் போவதாக இருந்தால் மதியத்துக்குள் சேர்வது நல்லது, அந்த மாநிலத்துக்குள் நுழையத் தேவையான இன்னர் லைன் பெர்மிட்டையும் முன்னாடியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.