குடாவவா, தெனியாயவா? சிங்கராஜ வனத்துக்கு எந்த வாசலால் போவது

சிங்கராஜ வனம் பார்க்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது, எந்தப் பக்கத்தால் போகிறீர்கள் என்பதைத்தான். பலருக்கு அந்தக் கேள்வியே புதிது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த காடு கிழக்கு மேற்காக 21 கிலோமீற்றர் நீளம், வடக்குத் தெற்காகக் கூடினால் 7 கிலோமீற்றர். மொத்தம் 8,864 ஹெக்டேயர். வடமேற்கில் குடாவ, தெற்கே தெனியாயவுக்குக் கிட்டவுள்ள மெதிரிபிட்டிய, மேற்கே தள்ளி லங்காகம, கிழக்கு முனையில் மோர்னிங்சைட் என்று நான்கு பக்கத்தாலும் உள்ளே போகலாம். எது கிட்ட, எந்தப் பாதை நல்லது என்று பார்த்து முடிவெடுப்பதுதான் நம்மவர் வழக்கம். பாதையைப் பார்க்காதீர்கள், காட்டுக்குள் என்ன வேண்டும் என்று பாருங்கள் என்பது என் கட்சி. குடாவ பார்ப்பதற்கான வாசல், தெனியாய நடப்பதற்கான வாசல்.

குடாவவுக்கு இரத்தினபுரியிலிருந்து கலவானை, வெத்தாகல வழியாகப் போக வேண்டும். அதிகம் பேர் போவது இந்தப் பக்கம்தான். கருமபீடத்தில் நுழைவுச்சீட்டு எடுத்து, வழிகாட்டி ஒருவரையும் சேர்த்துக்கொண்டுதான் உள்ளே போகலாம். வழிகாட்டி இல்லாமல் எந்த வாசலாலும் விடமாட்டார்கள். அங்கிருந்து காட்டின் விளிம்புவரை கரடுமுரடான ஏற்றம். ஜீப்பும் ஓடுகிறது, முழங்கால் நோவு உள்ளவர்கள் தயங்காமல் ஏறிக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கன்னிக்காடு என்று கேள்விப்பட்டு வந்தால், முன்னால் லொறி போகுமளவுக்கு அகலமான பாதை கிடக்கிறது. உண்மையிலேயே லொறி போன பாதைதான். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை செய்வதற்காக இந்தப் பக்கம் மரம் வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 1977இல் அது நிறுத்தப்பட்டது. மரம் இழுக்கப் போட்ட பாதை அப்படியே நடைபாதையாக நின்றுவிட்டது. காட்டின் ஓரத்தில் நிற்கும் பைன் மரங்களும் இந்நாட்டு மரங்கள் அல்ல. கிராமத்துக்கும் காட்டுக்கும் நடுவில் வேலி மாதிரி இருக்கட்டும் என்று நட்டவை.

தூய காடு வேண்டும் என்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். பறவை பார்க்க வருபவர்களுக்கு இதுதான் வரம். வெட்டுப்படாத மழைக்காட்டில் பறவைகள் 30 மீற்றர் உயரத்தில் இலைக்கூரைக்குள் திரியும். கீழே நிற்பவருக்குச் சத்தம் கேட்கும், கழுத்து நோகும், அவ்வளவுதான். குடாவப் பாதையில் இருபக்கமும் வெளிச்சம் விழுவதால் செடிகொடி தாழ்வாக வளர்ந்திருக்கிறது. பறவை கண்ணுக்கு நேரே வருகிறது.

சிங்கராஜவின் புகழ்பெற்ற கலப்புக் கூட்டங்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சரத் கொட்டகம முதலானோர் 1981இலிருந்து இவற்றைப் பதிவுசெய்து வருகிறார்கள். ஒரு கூட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள், நாற்பதுவரை பறவைகள் சேர்ந்தே இரை தேடுவது சாதாரணம். முன்னால் ஆரஞ்சு அலகுடைய சிலம்பன்கள் கலகலவென்று சத்தம்போட்டுக்கொண்டு இலைகளைக் கிளறிப் போகும். கொண்டைக் கரிச்சான் கூடவே வரும். கரிச்சான் சும்மா வருவதில்லை. மற்றவை கிளப்பிவிடும் பூச்சியைப் பிடித்துத் தின்னும், வல்லூறு வந்தால் முதலில் குரல்கொடுக்கும், இடையிடையே மற்றப் பறவைகளின் குரலையும் போலிசெய்யும். கூட்டத்தோடு செம்முகப் பூங்குயிலும், வழிகாட்டிகள் கெஹிபெல்லா என்று சொல்லும் நீல உடலும் சிவந்த அலகுமுள்ள பறவையும் வரலாம். இரண்டும் இலங்கையில் மட்டுமே உள்ளவை. அரைமணி நேரம் காடு வெறிச்சோடிக் கிடக்கும், அப்புறம் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து போய்விடும். அதனால் குடாவவில் வேகமாக நடப்பவர்தான் இழப்பவர். ஓரிடத்தில் நிற்கப் பழக வேண்டும்.

2001இல் தீபால் வாரகாகொட கண்டுபிடித்த செரண்டிப் சிற்றாந்தையையும் இந்தப் பக்கம்தான் தேடி வருகிறார்கள். பகலில் அது நிலமட்டத்துக்குக் கிட்டே, காய்ந்த இலைக் குவியல் மாதிரித் தூங்கும். பக்கத்தில் நின்றாலும் நமக்குத் தெரியாது. வழிகாட்டிக்குத் தெரியும்; அவருக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்குக் குடாவவிலும் பாதை உண்டு. முலாவெல்ல உச்சி 760 மீற்றர். கடைசிப் பகுதி நல்ல செங்குத்து, வேரைப் பிடித்து ஏற வேண்டும். மேலே கிடைப்பது காட்டுக் கூரையின் முழுப் பார்வை. சிங்காகல 742 மீற்றர்தான் என்றாலும் தூரம் கூட, போய்வர ஒரு முழுநாள். ஆனால் ஒரு காலைப்பொழுது மட்டுமே கையில் இருக்கிறது என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அகலப் பாதையில் ஆய்வு நிலையம்வரை மெல்லப் போய்வருவதே லாபம்.

தெனியாயப் பக்கம் கதை வேறு. மாத்தறையிலிருந்தோ காலியிலிருந்தோ அக்குரஸ்ஸ வழியாகத் தெனியாய வந்து, அங்கிருந்து சுமார் 10 கிலோமீற்றர் உள்ளே மெதிரிபிட்டிய. அதற்கப்பால் சிறு தேயிலைக் காணிகளுக்கு நடுவே நடந்து, பிட்டதெனியவில் கிங் கங்கையைத் தொங்குபாலத்தால் கடக்க வேண்டும். காடு தொடங்குமுன்பே நடை தொடங்கிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இங்கே லொறிப் பாதை இல்லை. ஒற்றையடிப் பாதை, கல், வேர், ஓடை. ஓடையில் இறங்கி ஏறி, வழுக்குப் பாறையில் காலை ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி. மரங்கள் நெருங்கி நிற்பதால் உள்ளே இருட்டு. பறவைக் கூட்டங்கள் இங்கும் உண்டு, ஆனால் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். அதற்கு ஈடாகத் தண்ணீர். காட்டின் வடக்கில் பெய்யும் மழை களு கங்கைக்கும் தெற்கில் பெய்வது கிங் கங்கைக்கும் போகிறது. தெற்குச் சரிவில் நடப்பவருக்கு ஓடைச் சத்தம் காதைவிட்டுப் போவதே இல்லை. கெக்குண எல்ல, மல்மொர எல்ல போன்ற அருவிகள் இந்தப் பக்கத்து நடையில் வருகின்றன. குளிக்கக் கூடிய இடம் எது என்பதை வழிகாட்டி சொல்லட்டும். நாமாக இறங்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெனியாயவைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்துத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம். கடையில், பஸ்ஸில், ஓட்டோ பிடிக்கும்போது தமிழில் கதைத்து வழி கேட்கலாம். குடாவப் பக்கம் சிங்களம் கொஞ்சமாவது தெரிந்தால்தான் லேசு, இல்லாவிட்டால் ஆங்கிலம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதல்முறை வரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. குடாவவுக்கும் ஒரு பதிலடி உண்டு: ஊருக்குள் நல்ல கித்துள் பாணி கிடைக்கும், தயிரோடு சாப்பிட.

மழைக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஒப்பீட்டில் பாதி மழைதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரையும், ஆகஸ்ட், செப்டெம்பரிலும் மழை ஓரளவு குறையும். குறையும் என்றுதான் சொன்னேன், நிற்கும் என்று சொல்லவில்லை. பிற்பகல் மழை எப்போதும் வரும். குடாவவில் மழை வந்தால் நனைவீர்கள், அவ்வளவுதான். அகலப் பாதையால் திரும்பிவிடலாம். தெனியாயப் பக்கம் மேலே மழை கொட்டினால் காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடை பின்னேரம் இடுப்பளவில் நிற்கும். மே முதல் ஜூலைவரையான தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பக்கம் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். 2017 மே மாதம் இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் செய்தது நினைவிருக்கும்.

அட்டை எந்த வாசலிலும் உண்டு. ஒற்றையடிப் பாதையில் இலை உரசி நடப்பதால் தெனியாயவில் கூடுதலாக ஏறும். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை போடுங்கள். சவர்க்காரம் பூசுவது, சித்தாலேப தடவுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாமே முதல் ஓடைவரைதான், காலை நனைத்ததும் கழுவிக்கொண்டு போய்விடும். அட்டையால் ஆபத்தில்லை. பயப்பட வேண்டியது இலைச் சருகில் அசையாமல் கிடக்கும், மூக்கு மேலே தூக்கிய சிறு விரியனுக்கு. நம் வைத்தியசாலைகளில் வழக்கமாகப் பயன்படும் இந்திய விஷமுறிவு மருந்து இதன் கடிக்குக் கேட்காது. செருப்போடு எந்தப் பாதையிலும் இறங்காதீர்கள். பிடித்துக்கொள்ளும் கொப்பையும் ஒருமுறை பாருங்கள், பச்சை விரியன் இருப்பது அங்கேதான்.

லங்காகமவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெலுவ வழியாகப் போக வேண்டும். துவிலி எல்ல போன்ற அருவிகள்தான் ஈர்ப்பு. 2020இல் அந்தப் பாதையைக் காட்டோரமாக அகலப்படுத்தியபோது நாடு முழுக்கச் சர்ச்சையானது. காடு பார்க்க என்று போனால் நான் அதைத் தெரிவுசெய்யமாட்டேன். அருவியில் குளிக்க என்றால் சரி.

மோர்னிங்சைட் வேறு சாதி. றக்வானை, சூரியகந்த வழியாக ஏறினால் 1000 மீற்றருக்கு மேலே, குளிரும் மூடுபனியும். மரங்கள் குட்டை, பாசி தடிப்பு. பழைய தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களின் தடம் காட்டோடு கலந்து கிடக்கிறது. கீழே தாழ்நிலக் காட்டில் காணாதவை இங்கே இருக்கின்றன. மூக்கில் சிறு கொம்புள்ள ஓணான்களில் இரண்டு இனங்களை ரோஹான் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆராச்சியும் 1998இல் இந்தப் பகுதியிலிருந்துதான் விவரித்தார்கள். விரல்நுனி அளவு மரத்தவளைகள் இரவில் இலைக்கு ஒன்றாகக் கத்தும். தவளை, ஓணான் பைத்தியம் உள்ளவருக்கு நாட்டில் இதற்கு இணை குறைவு. சும்மா காடு பார்க்க வந்தவருக்கு இது பனியில் நனைந்த நீண்ட ஏற்றம் மட்டுமே. முதல் பயணத்துக்கு வேண்டாம். போவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் அனுமதி விவரத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆக, முதல்முறை போகிறீர்கள், கூடவே அப்பா அம்மாவும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் குடாவ. கமராவும் தொலைநோக்கியும் வைத்திருப்பவருக்கும் குடாவதான், அதுவும் முதல்நாளே போய் ஊரில் தங்கி, விடிந்ததும் உள்ளே போக வேண்டும். பத்து மணிக்கு வந்து இறங்குபவர் நல்ல நேரத்தைத் தவறவிட்டவர். இளவட்டங்கள் நாலைந்து பேர், நனைவதும் சேறும் பொருட்டில்லை என்றால் தெனியாய, பெப்ரவரி அல்லது மார்ச்சில். பாதையைப் பொறுத்துத் தெரிவுசெய்பவர்களைக் குறை சொன்னேன், ஆனாலும் மாத்தறையில் இருந்துகொண்டு குடாவவுக்கு அலைய வேண்டும் என்று சொல்லமாட்டேன். மெதுவாக நடந்தால் தெனியாயவிலும் பூங்குயில் கிடைக்கும்.

இரண்டு வாசலையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தில் குடாவவுக்கும் பிட்டதெனியவுக்கும் நடுவில் சில கிலோமீற்றர்தான் தெரியும். ஆனால் காட்டை ஊடறுத்து வாகனப் பாதை இல்லை, மலையைச் சுற்றித்தான் வர வேண்டும், பாதி நாள் போய்விடும். சிங்காகலவுக்கு இரண்டு பக்கத்தாலும் ஏறலாம் என்பதால் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதைப் பற்றி வழிகாட்டிகளிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் காலையிலேயே புறப்பட வேண்டும், மறுபக்கத்தில் வாகனமும் காத்திருக்க வேண்டும்.