புது அணி, புது கார்: செட்டிங்கை மாற்றுவதா, கையை மாற்றுவதா?

ஃபோக்ஸ்வேகன் போலோ மாதிரி முன்சக்கர இழுவைக் காரில் கை பழகிய ராலி ஓட்டுநருக்கு வேறொரு அணியில் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ராலிக்கு முன் கிடைப்பது ஒரே ஒரு டெஸ்ட் நாள். அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய காரைப் போலவே திரும்பும்படி புதுக் காரின் டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), டிஃப் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றுவது. இன்னொன்று, அணி கொடுத்த செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு ஓட்டும் முறையை மாற்றிக்கொள்வது.

எது மேல் என்பது எந்தக் காரிலிருந்து எந்தக் காருக்குப் போகிறார் என்பதைப் பொறுத்தது. முன்சக்கர இழுவையிலிருந்து இன்னொரு முன்சக்கர இழுவைக்கு என்றால் முதல் வழி பலன் தரும். நான்கு சக்கர இழுவைக்குப் போகிறவருக்கு அது பெரும்பாலும் வீண் செலவு.

இரண்டாவது வழிக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது உலக ராலி சாம்பியன் செபாஸ்டியன் ஓஜியரை. 2016 கடைசியில் ஃபோக்ஸ்வேகன் விலகியதும் எம்-ஸ்போர்ட் ஃபோர்டு ஃபியஸ்டாவில் ஏறி, 2017 ஜனவரியில் மாண்டே கார்லோ ராலியை வென்றார். அந்த ஆண்டு உலகப் பட்டமும் அவருக்கே. ஆனால் 2017இல் விதிகள் மாறியதால் எல்லா அணிக்கும் கார் புதிது. போட்டியாளர்களும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டு இந்த உதாரணத்தைச் சொல்லக்கூடாது. அதே ஓஜியர் 2019இல் சிட்ரோயன் சி3க்குப் போனபோதும் மாண்டே கார்லோவை வென்றார், மொத்தம் 3 வெற்றிகள். ஆனால் பட்டியலில் மூன்றாம் இடம்தான். ஒரே சீசனில் வெளியேறி, டொயோட்டாவில் 2020, 2021 பட்டங்களை எடுத்தார். உலகச் சாம்பியன் கையாலும் வளைக்க முடியாத கார்கள் உண்டு.

ஓட் டனாக்கின் கதை வேறு. 2019 உலகப் பட்டத்தோடு ஹூண்டாய்க்கு மாறியவர், 2020இன் முதல் ராலியிலேயே மாண்டே கார்லோவில் மணிக்கு சுமார் 180 கி.மீ. வேகத்தில் சாலையை விட்டுப் பறந்தார். அவரும் கோ-டிரைவர் (பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர்) யார்வேயோயாவும் பெரிய காயமில்லாமல் தப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்டோனியாவில் அதே காரில் ஜெயித்தார். நம் ஊரில் கௌரவ் கில்லைப் பார்க்கலாம்: ஆசிய பசிபிக் ராலியில் ஸ்கோடா ஃபேபியா, இந்திய ராலியில் மஹிந்திரா எக்ஸ்யூவி 500 என்று எடையிலும் உயரத்திலும் சம்பந்தமே இல்லாத இரண்டு கார்களில் மாறி மாறி ஏறி ஜெயித்தவர். அவர் எக்ஸ்யூவியை ஃபேபியாவாக மாற்றவில்லை.

எந்த வழியை எடுத்தாலும் டேம்பரைத் தொடுவதற்கு முன் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும். தோள் இருக்கையில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படியவேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும். இடது காலால் பிரேக் பிடிப்பவர் என்றால் பிரேக் பெடலும் ஆக்ஸிலரேட்டரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; பிரேக் உயர்ந்து நின்றால் ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேல் அழுத்துவார், பிறகு கார் திரும்பவில்லை என்பார். ‘அண்டர்ஸ்டியர்’ (ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போவது) என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது முதல் வழி. புதுக் காரும் முன்சக்கர இழுவைதான், ஆனால் வளைவுக்குள் மூக்கு வரமறுக்கிறது. முதலில் பிரேக் பயாஸை (முன், பின் பிரேக்குகளின் பங்கை) பார்க்க வேண்டும்: பின்பக்கம் ஒரு சுற்று நகர்த்தினால் வால் இலகுவாகும். அதற்குச் செலவும் இல்லை, ஐந்து நிமிடம் போதும். அடுத்தது டேம்பர். முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கிக் கிளிக் (திருகின் ஒவ்வொரு படி) எண்ணித்தான் குறிக்கவேண்டும். பின்பக்க ரீபவுண்டை (அமுங்கிய டேம்பர் திரும்ப நீளுவதை அடக்கும் அளவை) 2 கிளிக் இறுக்கினால் பிரேக்கில் பின்சக்கரம் சீக்கிரம் பாரம் இழந்து வால் சுழலும். அளவு மீறினால் குழி வரிசையில் சக்கரம் தரைக்குத் திரும்ப நேரம் போதாமல் கார் படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் அடித்தட்டு கல்லில் இடிக்கும். பின்சக்கரத்துக்கு லேசான டோ-அவுட் (சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே பார்ப்பது) கொடுப்பதும் உதவும். போலோவின் பின் அச்சில் அதை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் செய்யமுடியும், அதனால் அதை ஷெட்டிலேயே முடித்துவிட்டு வரவேண்டும்.

கடைசியில்தான் டிஃப். தட்டு எல்எஸ்டியில் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி தட்டுகளால் பூட்டும் டிஃப்) 30 டிகிரி சரிவு அதிகம் பூட்டும், 60 குறைவாகப் பூட்டும். பிரீலோடு (விசை வராதபோதும் தட்டுகளின் மேல் இருக்கும் அழுத்தம்) கூடினால் வளைவு நுழைவில் கார் நேராகவே போகப்பார்க்கும். ஒரு சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, டார்க் ரெஞ்சால் சுழற்றினால் அளவு தெரியும். தட்டுகள் தேயத் தேய அது இறங்கும். அதனால் பழைய அணியின் எண்ணை இங்கே சொல்லிப் பயனில்லை. அந்த டிஃப் எத்தனை ஸ்டேஜ் (ராலியில் நேரம் பார்த்து ஓட்டும் பகுதி) ஓடியது என்பதைப் பொறுத்த எண் அது.

நான்கு சக்கர இழுவைக்குப் போகும்போது இந்த வேலையெல்லாம் ஓரளவுக்கு மேல் எடுபடாது, காரணம் இயந்திர அமைப்பில் இருக்கிறது. முன்சக்கர இழுவையில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டால், முன்னே இஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கும், பின்னே பிரேக் மட்டும் வேலை செய்யும், வால் திரும்பும். நான்கு சக்கர இழுவையான ராலி2 வகைக் காரில் முன், பின் அச்சுகளுக்கு இடையே நடு டிஃப் கிடையாது. முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால் அதே தந்திரம் நான்கு சக்கரத்தையும் சேர்த்தே மந்தமாக்கும். பழகிய கால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடும். கார் இன்னும் நேராகப் போகும். இங்கே செய்யவேண்டியது, பிரேக்கை வளைவுக்குள் இழுத்துக்கொண்டுபோய் வாலை முன்கூட்டியே திருப்பிவிட்டு, கார் வெளிவழியைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பது. அந்த அரை நொடி பொறுமையை எந்த டேம்பரும் கற்றுத்தராது.

மாருதி ஜிப்சி கிடைத்தால் கதை இன்னும் வேறு. நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், குட்டை வீல்பேஸ், ஸ்டீயரிங்கில் ஆட்டம். சீக்கிரம் திருப்ப ஆரம்பித்து, திருத்தத்தையும் சீக்கிரம் முடிக்கவேண்டும். நேர் சாலையில் பின்பக்கம் தானாகத் திரும்புகிற மாதிரி இருந்தால் ஓட்டுவதைக் குறை சொல்லாமல் ஸ்பிரிங் புஷ்ஷையும் யூ-போல்ட்டையும் (ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் போல்ட்) பாருங்கள். ஒவ்வொரு சர்வீசிலும் யூ-போல்ட்டை இறுக்கியே ஆகவேண்டும்.

டெஸ்ட் எங்கே? அஞ்செட்டி மலைப்பாதையும் தொப்பூர் கணவாயும் பொதுச் சாலை. முன்னதில் யானை, பின்னதில் லாரி. அங்கே போகாதீர்கள். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தனியார் நிலத்து மண்பாதையோ கல்குவாரிப் பாதையோ உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இரு முனையும் ஆள் நிறுத்தி, தீயணைப்பானும் ஆம்புலன்சும் வைத்து ஓட்டலாம். மாந்தோப்பு என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை அனுமதி கேட்காதீர்கள், அறுவடைக் காலம்.

இந்த ஊர் மண்ணில் டெஸ்ட்டைக் கெடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. கெட்டியான செம்மண் மேல் கருங்கல் சில்லு உருளும். ஒவ்வொரு ஓட்டமும் அதைக் கூட்டித் தள்ளுவதால், எதையும் மாற்றாமலே மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட வேகமாக வரும். அந்த நேரத்தைப் பார்த்து ‘கிளிக் வேலை செய்தது’ என்று சொல்வது ஏமாற்று. அதனால் பழைய செட்டிங், புது செட்டிங், மறுபடி பழையது என்று ஓட்டி, நடுவில் வந்த நேரம் இரண்டு பக்கத்தையும் ஜெயித்தால்தான் நம்பலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். சில்லின் விளிம்பு கூர்மை என்பதால் டயர் காற்றை வழக்கத்தைவிட 2 பிஎஸ்ஐ கூட்டி ஆரம்பிப்பது நல்லது. பிடி கொஞ்சம் குறையும், ஆனால் ரிம் அடித்துப் பஞ்சராகாது. மே மாத வெயிலில் டேம்பர் எண்ணெய் இளகி ரீபவுண்ட் தளரும். காலையில் எழுதிய கிளிக் மதியத்துக்குப் பொருந்தாது.

எஞ்சினியரிடம் பேசுகிற முறையும் செட்டிங்கில் சேர்த்தி. “அண்ணே, கார் சரியில்ல” என்றால் அவர் என்ன செய்வார்? “அண்ணே, ரெண்டாவது கியர் லெஃப்ட்ல பிரேக் விட்டதும் முன்னாடி வரமாட்டேங்குது, மிதிச்சா சரியாயிடுது” என்றால் அவருக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நுழைவா, நடுவா, வெளியேற்றமா. எந்த மிதியில் கால் இருந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

பேஸ் நோட்ஸ் (கோ-டிரைவர் வாசிக்கும் வளைவுக் குறிப்பு) மட்டும் இரண்டு வழிக்கும் பொது. கியரை வைத்து வளைவுக்கு எண் போடுகிறவர்களுக்குக் கார் மாறியதும் பழைய நோட்ஸ் முழுவதும் பொய்யாகிவிடும்: போலோவில் மூன்றாம் கியரில் போன வளைவு டர்போ நான்கு சக்கர இழுவையில் வேறு கியர். வளைவின் கோணத்தை வைத்து எண் போடும் முறை இருந்தால் நோட்ஸ் தப்பும், பிரேக் புள்ளிகளை மட்டும் ரெக்கியில் (ராலிக்கு முன் பாதையைப் பார்க்கும் ஓட்டத்தில்) திருத்தினால் போதும். ஆனால் கோ-டிரைவர் வாசிக்கும் தூரத்தைக் கூட்டவேண்டும். கார் வேகமாக வளைவை எட்டுவதால், முன்பு ஒரு வளைவு முன்னால் சொன்னதை இப்போது ஒன்றரை வளைவு முன்னால் சொல்லவேண்டும். டெஸ்ட் நாளில் கடைசி இரண்டு ஓட்டத்தை ஸ்பேனருக்குக் கொடுக்காமல் இதற்கு ஒதுக்குங்கள்.