மேசையில் படை தயார், ஊர் எங்கே? ரயில் மாடல் கட்டிடங்கள்: ஓர் ஒப்பீடு

மினியேச்சர் வார்கேமிங்கில், அதாவது சிறு பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடும் போர் ஆட்டத்தில், எல்லாரும் முதலில் படையைத்தான் சேர்ப்பார்கள். ஷெர்மன் டாங்குகளும் காலாட்படையும் பெயிண்ட் அடித்துத் தயாராகிவிடும். 1944 நார்மண்டி கிராமம் என்று சொல்லப்படும் மேசையில் மட்டும் புத்தகங்களும் செருப்புப் பெட்டிகளும் வீடாக நிற்கும். அப்போது கண்ணில் படுவது மாடல் ரயில்காரர்களின் அலமாரி. வீடு, தேவாலயம், தொழிற்சாலை, பண்ணைக் கொட்டகை, பாலம் என்று அங்கே இல்லாதது இல்லை. அதில் எதை எடுப்பது, எதை விடுவது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ரயில் மாடல் வீடு பார்ப்பதற்காகச் செய்தது. தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கும், யாரும் தொடமாட்டார்கள். நாமோ அதைத் தூக்குவோம், கூரையைக் கழற்றுவோம், உள்ளே ஆள் வைப்போம், ஆட்டம் முடிந்ததும் பெட்டியில் அடுக்குவோம். கீழே உள்ள தீர்ப்புகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து வருபவைதான்.

பெட்டியில் உள்ள எண்ணைவிட வாசல் முக்கியம்

ஆட்டங்களை வீரன் பொம்மையின் உயரத்தை வைத்து 15, 20, 28 மி.மீ. என்று பிரிப்பார்கள். 20 மி.மீ. ஆட்டக்காரர்களுக்குக் கவலையே இல்லை. அவர்களுடைய வீரர்கள் 1:72 அல்லது 1:76, அதாவது நிஜ ஆளின் 72ல் அல்லது 76ல் ஒரு பங்கு. பிரிட்டனின் ஓஓ ரயில் அளவும் 1:76தான். பிரிட்டிஷ் மாடல் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1959ல் கொண்டுவர ஆரம்பித்த சிறு பிளாஸ்டிக் வீரர்களே ரயில் அளவின் பெயரில்தான் விற்கப்பட்டார்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டு மீட்டர் வாசல் ஓஓவில் சுமார் 26 மி.மீ. வரும், 1:72 வீரன் தலை இடிக்காமல் நிற்பான். ஏர்ஃபிக்ஸின் பழைய அச்சுகளிலிருந்து டாப்போல் இன்றும் விற்கும் கட்டிடங்களை இந்த அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

15 மி.மீ. கொஞ்சம் சுவாரசியமானது. ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் மாதிரி ஆட்டங்களின் அளவு 1:100. அந்த அளவில் ரயில் கட்டிடங்கள் அரிது, பக்கத்தில் இருப்பவை இரண்டு: பெரிய பக்கம் ஹெச்ஓ (1:87), சிறிய பக்கம் டிடி (1:120). காகிதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் விலகல் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேசையில் அப்படி இல்லை. வீரன் ஒரு அடித்தட்டின் மேல் நிற்கிறான், அதனால் எப்போதும் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தே இருப்பான். ஹெச்ஓ வாசல் 23 மி.மீ., அவன் தாராளமாக நுழைவான். டிடி வாசல் 17 மி.மீ.கூட இல்லை, நிலையில் நெற்றி முட்டும். போதாததற்கு, ஜெர்மன் நிறுவனமான ஃபாலரின் பழைய ஹெச்ஓ வீடுகள் பல, பெட்டியில் போட்ட அளவைவிடச் சிறியவை. ரயில்காரர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள், நமக்கு அது லாபம். 15க்கு ஹெச்ஓவையே எடுங்கள்.

28 மி.மீ.தான் தகராறு. போல்ட் ஆக்‌ஷன் ஆடுகிறவர்கள் ஓஓ வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவார்கள். வேண்டாம். அந்த ஆட்டத்தின் வண்டிகள் 1:56. அந்தக் கணக்கில் வாசல் 36 மி.மீ. இருக்க வேண்டும், ஓஓவில் இருப்பது 26. 28 மி.மீ. வீரர்களுக்குத் தலையும் கையும் வேறு பெரிதாக வார்த்திருப்பார்கள். வாசலில் நிறுத்தினால் பொம்மை வீட்டுக்கு முன் பூதம் மாதிரி இருக்கும்.

சரி, அடுத்த பெரிய அளவுக்குப் போகலாமா? பிரிட்டனின் ஓ அளவு 1:43.5. அதில் சாதாரண இரண்டு மாடி வீட்டுச் சுவரே 11 செ.மீ.க்கு மேல் எழும். நாலு வீடு வைத்தால் சாலைக்கு இடம் இருக்காது. அமெரிக்காவின் பாக்மன் 1947ல் தொடங்கிய பிளாஸ்டிக்வில் வரிசை ஓஓவுக்கும் ஓவுக்கும் நடுவில் வருகிறது. ஓ அளவு ரயிலுக்கென்று விற்றாலும் பல கட்டிடங்கள் அதைவிடச் சிறியவை, 28க்கு ஒத்துப்போகும். பசையே வேண்டாம், பொருத்திக் கழற்றலாம். ஆனால் தோற்றம் முழுக்க அமெரிக்கச் சிற்றூர். ஜோம்பி ஆட்டத்துக்கு அருமை, நார்மண்டிக்கு உதவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு: தொழிற்சாலை, சரக்குக் கொட்டகை, எஞ்சின் ஷெட். ஓஓ சரக்குக் கொட்டகையின் மூன்று மீட்டர் வாசல் 39 மி.மீ. வரும், 28 மி.மீ. வீரனுக்கு அதுவே அளவான தலைவாசல். எஞ்சின் ஷெட் வாசலில் ஷெர்மன்கூட உயரத்தில் இடிக்காது, அகலத்தை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாலின்கிராட் மேசைக்கு வால்தர்ஸின் ஹெச்ஓ செங்கல் ஆலைகளும் இப்படித் தப்பித்துக்கொள்ளும். ஆலையில் சாதாரண வாசல் ஒன்றிரண்டுதான் இருக்கும், அதை இடிபாட்டுக் குவியலால் மூடிவிட்டால் அளவைக் காட்டிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

பிளாஸ்டிக், அட்டை, ரெசின்

இடிந்த வீடு வேண்டுமென்றால் பிளாஸ்டிக்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒட்டுவதற்கு முன், சுவரின் பின்பக்கம் பென்சிலால் உடைசல் கோட்டை வரையுங்கள். நேர்கோடு வேண்டாம், ஜன்னல் மூலையிலிருந்து ஜன்னல் மூலைக்கு, படிக்கட்டு மாதிரி செங்கல் வரிசையை ஒட்டியே இறங்கட்டும். கத்தியால் நாலைந்து முறை கீறிவிட்டு வளைத்தால் டக்கென்று விடும். அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர் ஓஓ கணக்கில் 11 செ.மீ. கனம்தான். உண்மையான ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு மூன்று மில்லிமீட்டர் வேண்டும். முழு வீட்டில் இது தெரியாது, உடைந்த விளிம்பில் அப்பட்டமாகத் தெரியும். உட்பக்கம் இன்னொரு அடுக்கு அட்டையோ பிளாஸ்டிகார்டோ (மெல்லிய பிளாஸ்டிக் தகடு) ஒட்டினால் கனமும் கூடும், அச்சின் வட்டத் தழும்புகளும் மறையும். பூப்போட்ட காகிதத்தைக் கிழித்து ஒட்டினால் வால்பேப்பர்.

முழு வீடாகவே வைக்கப்போகிறீர்கள் என்றால், கூரையை ஒட்டாதீர்கள். ஆனால் கூரைதான் நாலு சுவரையும் பிடித்து நிறுத்துகிறது. அதை விடுவித்தால் சுவர் உள்ளே சாயும், எனவே நாலு மூலைக்கும் சதுரக் கட்டை கொடுக்க வேண்டும்.

அட்டை வீடுகளில் மெட்கால்ஃபும் சூப்பர்குவிக்கும் பெயர் வாங்கியவை. பெயிண்டே வேண்டாம், அச்சிட்ட செங்கல் தூரத்தில் நிஜமாகவே தெரியும், தடித்த அட்டை நினைப்பதைவிட உறுதி. வெட்டிய விளிம்பு வெளுப்பாகத் தெரிவதைக் கலர் பென்சிலால் மறைக்கலாம். பகை ஈரம்தான். நம் கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் அட்டை நெளியும், உள்ளும் வெளியும் மேட் வார்னிஷ் அடிக்காமல் விடக்கூடாது. இடிந்த வீட்டுக்கும் இது சரிவராது, உடைந்த இடத்தில் அட்டை அட்டையாகத்தான் தெரியும்.

அட்டையிலேயே இன்னொரு ஜாதி, ஸ்கேல்சீன்ஸ் போல இணையத்திலிருந்து இறக்கி அச்சிடும் கோப்புகள். 28 மி.மீ. ஆட்டக்காரர்கள் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஓஓ கோப்பை 136 சதவீதத்தில் அச்சிட்டால் 1:56 ஆகிவிடும். 76 சதவீதத்தில் அச்சிட்டால் 15 மி.மீ.க்கு 1:100. செங்கல், ஜன்னல், வாசல் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். அட்டையின் கனத்தையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் ஏறக்குறைய 2.7. இதை மறந்தால் மூலைகள் சேராது. ஏ4 தாளில் பெரிய சுவர் அடங்காது, ஏ3 அச்சிடும் கடையைத் தேட வேண்டும். வெட்டப் பொறுமை இல்லாதவர்கள் சாரிஸா போன்றவர்களின் லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) வீட்டை வாங்கலாம். ஆட்டத்துக்கென்றே செய்தது, மாடி தனியாகக் கழலும். பொறுமை இருந்தால் என் ஓட்டு அச்சிடும் வீட்டுக்குத்தான்.

ஹார்ன்பியின் ஸ்கேல்டேல் மாதிரி ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசின்) வீடுகள் பெயிண்ட் அடித்தே வரும். கூரை கழலாது, கனம் அதிகம், கீழே விழுந்தால் மூலை போய்விடும். உள்ளே ஆள் போகாத, பார்வையை மறைக்க மட்டும் நிற்கிற தேவாலயத்துக்கு ஒன்று போதும்.

எந்த ஊர் வீடு?

அளவு சரியாக இருந்தும் மேசை பொய்யாகத் தெரிந்தால் காரணம் இதுதான். ஜெர்மன் கிட்டுகளில் நிறைய, மரச்சட்டம் வெளியே தெரியும் வீடுகள். 1945 ஜெர்மனிக்கும் அல்சாஸுக்கும் அப்படியே வைக்கலாம். நார்மண்டியில் ஓஜ் வட்டாரத்திலும் மரச்சட்ட வீடு உண்டு, ஆனால் அங்கே நெருக்கமான செங்குத்துச் சட்டங்கள்தான் அதிகம். ஜெர்மன் வீட்டின் குறுக்குச் சட்டங்களைச் சீவிவிட்டு நேர்ச்சட்டம் ஒட்டினால் ஒரு மாலையில் நாடு மாறும். பிரிட்டிஷ் செங்கல் வரிசை வீட்டை பிரான்சுக்குக் கொண்டுபோவதும் முடியாததல்ல. புகைபோக்கியின் மேலே வரிசையாக நிற்கும் மண் குழாய்களை எடுத்துவிடுங்கள், சுவருக்கு மெல்லிய பூச்சு கொடுங்கள், ஒவ்வொரு ஜன்னலின் இரு பக்கமும் மரக் கதவுகளை ஒட்டி, சிலதைத் திறந்தும் சிலதை ஒரு கீலில் தொங்கவிட்டும் வையுங்கள்.