தூக்கிப் பழக்குவதா, தானாக வரவிடுவதா? வீட்டுக்குள் வளரும் கோழிக்குஞ்சுகள்

யாழ்ப்பாணத்தில் ஊர்க்கோழி வளர்க்கிறவர்களிடம் குஞ்சு பழக்குவது பற்றிக் கேட்டால், "அதைத் தாய்க்கோழி பார்க்கும்" என்பார்கள். தாய் இருந்தால் சரி. இன்குபேற்றரில் பொரித்த குஞ்சுகளை வாங்கி வந்து, காட்போட் பெட்டிக்குள் விட்டு, அறை மூலையில் பல்ப் போட்டு வளர்க்கிற வீட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் எங்கள் தலையில். சூடு, தீன், தண்ணீர் பற்றி ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள், பெரிய சண்டை வராது. மனிதருக்குப் பழக்குவதில்தான் இரண்டு கட்சி. முதல் நாளிலிருந்தே அடிக்கடி தூக்கிக் கையில் வைத்திரு என்பது ஒன்று. தூக்காதே, பக்கத்தில் இரு, அதுவாக வரட்டும் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் தூக்கவே தூக்காத கோழியும் பிறகு கரைச்சல்தான்.

இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற இடம், முதல் சில நாட்கள் முக்கியம் என்பது. 1873இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஸ்போல்டிங் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொரித்த குஞ்சுகளின் கண்ணை மூடி வைத்து, பிறகு திறந்துவிட்டுப் பார்த்தவர் அவர். ஆரம்பத்திலேயே கண் திறந்துவிடப்பட்ட குஞ்சுகள் அவர் பின்னாலேயே ஓடின. கிட்டத்தட்ட நாலு நாள் மூடி வைத்த குஞ்சுகள், அவரைக் கண்டதும் அலறி எதிர்ப்பக்கம் ஓடின. அசைகிற எதன் பின்னாலும் போகிற குணம் முதலில் வருகிறது, புதியதைக் கண்டு பயப்படுகிற குணம் பின்னால் வருகிறது. ஆகவே குஞ்சு வீட்டுக்கு வந்த அன்றே அது மனிதக் கையையும் குரலையும் அறிய வேண்டும். 'ஒரு கிழமை போகட்டும், பிறகு பார்ப்போம்' என்று விட்டால் வேலை இரட்டிப்பாகும்.

தூக்கிப் பழக்குகிறவர்கள் இந்த இடம்வரை சரியாகத்தான் வருகிறார்கள். தடுமாறுவது தூக்குகிற விதத்தில். பெட்டி நிலத்தில் இருக்கும். நாங்கள் மேலே நின்று குனிந்து, கையை உள்ளே விட்டு ஒன்றைப் பிடிக்கிறோம். குஞ்சுக்கு அது பிராந்து இறங்குகிற மாதிரி. மேலே இருந்து நிழல் விழுந்தால் ஓடு என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. பிடித்த குஞ்சு கொஞ்ச நேரம் கத்திவிட்டுக் கையில் அசையாமல் கிடக்கும். 'பாருங்கோ, பழகிவிட்டுது' என்று பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள். அநேகமாக அது பழக்கம் இல்லை, பயத்தில் விறைத்துப் போனது. பிடிபட்ட இரை அசையாமல் கிடந்தால் தப்பலாம் என்கிற கடைசி வழி.

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. பயந்த குஞ்சின் கண் அகலத் திறந்திருக்கும், உடம்பு கட்டையாக இருக்கும், நகம் தோலில் இறுகும். மனம் ஆறின குஞ்சு உள்ளங்கையில் மெல்ல இருந்துவிடும். தொண்டைக்குள் 'ட்ரிர்ர்' என்று சின்னச் சத்தம் வரும். பிறகு கீழ் இமை மெதுவாக மேலே ஏறிக் கண்ணை மூடும். அந்த இமையைக் கண்டால் மட்டும் நீங்கள் நம்பலாம். பெட்டிக்குள் கேட்கிற சத்தமும் அப்படித்தான். ஓயாமல் உரத்த 'கீச், கீச்' என்றால் குளிர், பசி, தனிமை, இதில் ஏதோ ஒன்று.

இனி வரவிடுகிற முறை. முதலில் பெட்டியை ஒரு மேசையில் வையுங்கள், அல்லது பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டுங்கள். உங்கள் முகம் குஞ்சின் உயரத்துக்கு வந்தாலே பாதிப் பயம் போய்விடும். கையை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, உமியின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். கையில் கொஞ்சம் குஞ்சுத்தீன். ஒரு துணிச்சல்காரக் குஞ்சு முதலில் வந்து விரலைக் கொத்தும். மற்றவை அதைப் பார்த்து வரும். தீன் வைக்கிற ஒவ்வொரு முறையும் 'பா... பா... பா...' என்று கூப்பிடுங்கள். வளவில் கறையான் இருந்தால் அதைவிட நல்ல கையூட்டு இல்லை. ஒரு கறையானைக் கண்டதும் முழுப் பெட்டியும் உங்கள் கைமேல் ஏறும். கையில் நின்று தின்னப் பழகிய பிறகு, நெஞ்சுக்குக் கீழே விரலை நுழைத்து ஓர் அங்குலம் உயர்த்தி, உடனே இறக்கிவிடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கூட உயர்த்தலாம். தூக்குவது இங்கேதான் சேர வேண்டும். தடுப்பூசி போடவும், செள்ளு பார்க்கவும் என்றோ ஒருநாள் பிடித்தே ஆக வேண்டுமே.

நேரக் கணக்கில் தூக்குகிற முறை சுலபமாகத் தெரியும். வரவிடுகிற முறைக்குப் பொறுமை வேண்டும், நாளுக்குப் பல தடவை பெட்டியடியில் இருக்க வேண்டும். ஆனால் குளிரும் ஒரு கணக்கு. முதல் கிழமையில் குஞ்சுக்குச் சுமார் 35 பாகை செல்சியஸ் சூடு தேவை, பிறகு கிழமைக்கு ஏறக்குறைய 3 பாகை குறைக்கலாம். சித்திரை வெயிலில் வெளியே வைத்திருந்தாலும் பிழையில்லை. மார்கழி வாடைக்காற்றில் பிள்ளைகள் மாறி மாறிக் கையில் வைத்திருந்தால் குஞ்சு சோர்ந்து போகும். பெட்டிக்குள் கையை வைத்து வரவிட்டுப் பழக்கினால் குஞ்சு சூட்டைவிட்டு விலகுவதே இல்லை. (எல்ஈடி பல்ப் சூடு தராது. பழைய மாதிரிச் சூடேறுகிற பல்ப்தான் வேண்டும்.)

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தூக்குகிற முறையை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். கோழிக்கு எங்களைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. ஆசையில் இறுக்கிப் பிடித்தாலே மூச்சடைத்துச் செத்துவிடும். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கச் சொல்லி, மடியில் துணி விரித்து, குஞ்சு ஏறி வரட்டும் என்று விடுங்கள். நல்ல சுகமாகத் தெரிகிற குஞ்சிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். முத்தம் கொடுக்கக் கூடாது, பெட்டியைக் குசினியில் வைக்கக் கூடாது, தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பார்த்தால் போதும், தொட வேண்டாம்.

எந்த முறையானாலும் ஒற்றைக் குஞ்சு வளர்க்காதீர்கள். அது உங்களோடு நன்றாக ஒட்டும், நீங்கள் அறையைவிட்டுப் போனதும் கத்திக்கொண்டே இருக்கும், பிறகு மற்றக் கோழிகளோடு சேரத் தெரியாமல் நிற்கும். சேவல் குஞ்சைக் கொஞ்சிக் கொஞ்சி வளர்ப்பதிலும் கவனம். மனிதப் பயம் முழுவதும் போன சேவல், கூவுகிற வயதில் உங்களையே போட்டிச் சேவலாக எண்ணிக் காலில் பாயலாம்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, வீட்டில் அடைக்கோழி இருந்தால். சில நாட்களாக உறுதியாக அடை கிடக்கிற பேட்டின் கீழ், இருட்டின பிறகு, பொரித்து ஒரு நாளான குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிடலாம். விடியும்போது அநேகமாக ஏற்றுக்கொள்ளும். கரன்ற் போனாலும் கவலை இல்லை. கிண்டித் தின்னவும், காகத்தின் நிழலுக்கு ஒளியவும், மண்ணில் குளிக்கவும் அது கற்றுக்கொடுக்கும். எங்களால் அதில் பாதிகூட முடியாது. வளவில் சுதந்திரமாகத் திரிய வேண்டிய கோழி என்றால் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். தாய் உங்கள் கையில் தின்கிற கோழியாக இருந்தால் குஞ்சுகளும் பின்னால் வரும். தாயே வெருளி என்றால் குஞ்சுகளும் வெருளிதான்.

பெட்டிக் குஞ்சுகளை வெளியே விடுவதற்கு இறகு முழுவதும் முளைக்க வேண்டும், ஏறக்குறைய ஆறு கிழமை. பெரிய கோழிகளோடு நேரே விட்டால் கொத்திக் காயப்படுத்தும். நடுவில் வலை கட்டி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீன் போட்டு, ஒன்றையொன்று பார்த்துப் பழக ஒரு கிழமையாவது விடுங்கள். முதல் சில நாட்கள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே 'பா... பா...' என்று கூப்பிட்டு அடையுங்கள், கீரியும் பூனையும் வேலியடியில் வந்து நிற்பதற்கு முன்னால்.