சிபிநாட்டா, ட்ரூநாட்டா: ஏசி இல்லாத ஆய்வகத்தின் கணக்கு

ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுடையது 20 படுக்கை கொண்ட சின்ன மருத்துவமனை. ஆய்வகம் என்பது ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காசநோய்க்கு மூலக்கூறு பரிசோதனைக் கருவி ஒன்று வாங்கலாம் என்று அறக்கட்டளை சொன்னதும், எதை வாங்குவது என்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பக்கம் கலிஃபோர்னியாவின் செஃபீட் நிறுவனத்து ஜீன்எக்ஸ்பர்ட். நம் காசநோய்ப் பிரிவுகளில் சிபிநாட் என்றால்தான் தெரியும். மறுபக்கம் கோவாவின் மோல்பயோ தயாரிக்கும் ட்ரூநாட். நான் ட்ரூநாட்டை எடுத்தேன். இரண்டு ஆண்டுகளாக அதோடுதான் பிழைப்பு என்பதால் என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டும் செய்வது ஒரே வேலை. சளியிலிருந்து கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்து, பெருக்கி, காசநோய் உண்டா இல்லையா என்று சொல்கின்றன. நுண்ணோக்கியில் கண் வலிக்கத் தேடிய காலத்துக்கு இரண்டுமே எவ்வளவோ மேல். உலக சுகாதார நிறுவனம் சிபிநாட்டை 2010 டிசம்பரில் ஏற்றது, ட்ரூநாட்டை 2020இல். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிபிநாட்டில் ஒரு கேட்ரிட்ஜ், அதாவது மூடிய குப்பி, செலவாகும்; ட்ரூநாட்டில் ஒரு சிப், அதாவது சின்னத் தகடு. இவற்றின் விலையில் இன்று பெரிய இடைவெளி இல்லை.

கைவேலை குறைவு என்று பார்த்தால் சிபிநாட்தான். சளியில் கரைசலைக் கலந்து, 15 நிமிடம் வைத்து, கேட்ரிட்ஜில் ஊற்றி மூடினால் நம் பங்கு முடிந்தது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் எடுபடுமா என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்துவிடும். ட்ரூநாட்டில் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டி டிஎன்ஏவைப் பிரித்துத் தரும். அதில் 6 மைக்ரோலிட்டரை பிப்பெட் என்ற அளவுக் குழலால் எடுத்து, உலர்மருந்து இருக்கும் குழாயில் கரைத்து, சிப்பின் குழியில் நாமே இட வேண்டும். அந்தச் சிப்பைப் பார்த்து முடிவு சொல்வது இரண்டாவது பெட்டி. கை நடுங்கிக் குமிழி விழுந்தால் கதை கெட்டது. காசநோய் உறுதியானால் ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு சிப், இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆய்வகத்தையே சுருக்கி உள்ளே வைத்த கருவி என்ற பெயர் கேட்ரிட்ஜுக்குத்தான் பொருந்தும் என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

பிறகு ஏன் ட்ரூநாட்? வெயில்தான் காரணம். சிபிநாட் இயங்கும் அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கேட்ரிட்ஜை 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மே மாதத்தில் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. அப்படியானால் ஏசி வேண்டும். மின்சாரம் போனால் யூபிஎஸ் கருவியைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. அதற்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். யூபிஎஸ்ஸின் பேட்டரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நடுவில் கருவி நின்றால் அந்த கேட்ரிட்ஜ் வீண், நோயாளியிடம் மறுபடி சளி கேட்க வேண்டும். இருமி இருமிக் களைத்தவரிடம் அதைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். கேட்ரிட்ஜ் போய் உட்காரும் மாட்யூல்களுக்கு ஆண்டுதோறும் அளவுத்திருத்தமும் உண்டு. ஒரு தாளில் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, கருவியைவிட அதைச் சுற்றியிருக்கும் செலவுதான் என்னைப் பயமுறுத்தியது.

ட்ரூநாட்டின் இரண்டு பெட்டிகளும் பேட்டரியில் ஓடும். 40 டிகிரி வரை தாங்கும். போன மே மாதம் கோடைமழையோடு மின்கம்பி அறுந்து நான்கு மணி நேரம் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் பிப்பெட் பிடித்து மூன்று சளி மாதிரிகளை முடித்தோம். சிப்பையும் 30 டிகிரிக்குள்தான் வைக்க வேண்டும் என்பதால் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கினோம். ஏசிக்கு அது எவ்வளவோ மலிவு.

எங்களிடம் இருப்பது ஒரு நேரத்தில் ஒரு சிப் மட்டும் பார்க்கும் யூனோ என்ற ட்ரூநாட் வகை. நாளுக்கு நான்கைந்து மாதிரிகள் வரும் இடத்துக்கு அது போதும். இருபது, முப்பது வரும் மாவட்ட மருத்துவமனையில், ஏசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அறையில், நானே சிபிநாட்டைத்தான் கேட்டிருப்பேன். இன்னொன்று: நாங்கள் பார்ப்பது சளி மட்டும். நெறிக்கட்டு, மூளைத் தண்டுவட நீர் என்று வந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து, சிபிநாட் இருக்கும் மாவட்ட ஆய்வகத்துக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம்.